கால் சுற்று வால்வு

வாரத்தில் ஆறு நாள், காலை பதினொன்று அடித்து ஓரிரு நிமிடத்தில் என் கணினி சூடாகத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சூடாகவில்லை. ஐம்பத்திரண்டு டிகிரியில் நின்றிருந்த எண் எழுபது, எழுபத்தைந்து என்று ஏறி எண்பதைத் தொட்டதும், பெட்டிக்குள் அதுவரை சும்மா கிடந்த ஆறு பழைய விசிறிகளும் ஒன்றாக எழுந்து இரையும். முன்னறை முழுக்க அந்த இரைச்சல்தான். பதினொன்று இருபத்தைந்துக்கு எண் தானாக இறங்கும். விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கும். அதன் பிறகு மறுநாள் பதினொன்று வரை ஒரு குறையும் இருக்காது. இப்படி மூன்று வாரம்.

விளம்பரப் படங்களுக்கான முப்பரிமாண அசைவூட்டம் என் வேலை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கணினி மூச்சு முட்ட உழைக்கும். உழைக்கும் சில்லு, அதாவது சிப், சூடாகும். அந்தச் சூட்டை அங்கேயிருந்து நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. சாதாரணக் கணினியில் காற்று நகர்த்துகிறது. காற்று சோம்பேறி. கொஞ்சம் சூட்டைத் தூக்கிக்கொண்டு போக நிறைய ஓட வேண்டும், அதனால்தான் விசிறிகள் கத்துகின்றன. தண்ணீர் அப்படியில்லை. காய்ந்த தோசைக்கல்லை வாயால் ஊதி ஆற வைப்பதற்கும் ஒரு கை தண்ணீர் தெளிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. சில்லின் தலையில் ஒரு செம்புப் பட்டையை அழுத்தி வைக்கிறோம். அதன் அடிப்பக்கம் தலைமயிர் அளவுக்கு நெருக்கமான பள்ளங்கள் சீவியிருக்கும். தண்ணீர் அந்தப் பள்ளங்களுக்குள் புகுந்து சூட்டை வாங்கிக்கொண்டு, குழாய் வழியாகத் தள்ளியிருக்கும் ரேடியேட்டருக்குப் போய், அங்கே ஆறி, திரும்பி வருகிறது. ரேடியேட்டர் பெரிதாக இருந்தால் அதற்கு வேகமான விசிறி தேவையில்லை. மெதுவாகச் சுற்றினால் போதும். சத்தமே வராது.

இந்த மாதிரி கட்டுகிறவர்கள் கண்ணாடிப் பெட்டி வைத்து, குழாய்க்குள் கலர் தண்ணீர் ஓட்டி, விளக்கு போட்டுப் படம் எடுப்பார்கள். என்னுடையது அழகுக்குக் கட்டியதல்ல. பழைய இரும்புப் பெட்டியின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்த இரும்பு வெட்டும் கிரைண்டரால் வெட்டினேன். வெட்டிய விளிம்பு குழாயைக் கிழிக்காமலிருக்க சைக்கிள் ட்யூபை நறுக்கிச் சுற்றிலும் ஒட்டினேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அலெக்சாண்டர் கடையில் பம்பும் தொட்டியும், நான்கு விசிறி நீளமுள்ள ரேடியேட்டரும் வாங்கினேன். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர். முதல் இருபத்துநான்கு மணி நேரம் கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ காகிதம் விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு நனையவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. முன்னறை, அதன் பின்னால் அப்பா படுத்திருக்கும் பின்னறை, அதையும் தாண்டினால் சமையல் மூலையும் குளியலறையும். ரேடியேட்டரை வீட்டுக்குள் வைக்கவில்லை. பின்னறையின் பக்கச் சுவருக்கு வெளியே, ஆள் ஒருக்களித்துத்தான் போக முடிகிற சந்தில், இரும்புச் சட்டம் அடித்து மாட்டினேன். மேலே ஒரு தகரம். குழாய்கள் இரண்டும் முன்னறையிலிருந்து பின்னறைச் சுவரோரமாகப் போய், அப்பாவின் கட்டில் தலைமாட்டுக்கு மேலே துளை வழியாக வெளியேறும். அந்த இடத்தில் குழாய்க்கு ஒன்றாக இரண்டு பித்தளை வால்வு வைத்தேன். தூசு தட்ட ரேடியேட்டரைக் கழற்றும்போது மொத்தத் தண்ணீரையும் வடிக்க வேண்டாம் என்பதற்காக.

நான் அதை முறுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் குடிநீர் வாரியத்தில் வால்வ்மேனாக இருந்தவர். நெஞ்சுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருத்தெருவாகக் குழியில் இறக்கித் திருப்பியவர். எந்த கிராஸ் தெருவுக்கு எத்தனை சுற்று என்பது இன்னும் மறக்கவில்லை.

“இது எத்தினி சுத்துடா கிரண்?”

“கால் சுத்துதான்பா. கைப்பிடி பைப்புக்கு நேரா இருந்தா தொறந்திருக்கு, குறுக்க இருந்தா மூடியிருக்கு.”

“கால் சுத்துக்கெல்லாம் சம்பளம் குடுப்பாங்களா?” என்றார். எழுந்து, கைப்பிடியைப் பிடித்து மெல்ல மூடி, மெல்லத் திறந்து பார்த்தார். திறக்கும்போது பாதியில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு மீதி. “சடக்குனு தொறந்தா தண்ணி போயி இடிக்கும். ஜாயிண்டு உட்டுரும். இது சின்னதுதான், ஆனாலும்.”

ஏன் இவ்வளவு பாடு என்றால், அம்மாவால்தான்.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் மனைவி வீணா வேலைக்குப் போய்விட்டாள். பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸில் அவள் சூப்பர்வைசர், ஏழரைக்கே கிளம்ப வேண்டும். அப்பா காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். நான் முன்னறையில். அப்போது என் கணினியைக் காற்றுதான் ஆற வைத்தது. ஆறு விசிறி, ஆறும் முழு வேகம். பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போனேன். குளியலறைக் கதவு தாழிடாமல் இருந்தது. அம்மா தரையில் கிடந்தாள், வாளி பக்கத்தில் சாய்ந்திருந்தது. விழுந்து அரை மணி ஆகியிருக்கும் என்றார் டாக்டர். பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, “கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது” என்றும் சொன்னார். அப்பா தூக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் முன்னறையில் அந்தக் கணினிக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. கம்பு இல்லாமல் நடக்க மாட்டார். அவர் விழுந்தால் எனக்குக் கேட்க வேண்டும். வேறு நோக்கம் இல்லை. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் ஓய்வு நேரமெல்லாம் வெட்டியும் துளைத்தும் முறுக்கியும் போனது. பழைய ஆறு விசிறிகளை மட்டும் கழற்றவில்லை. எப்போதாவது தண்ணீர் நின்றுபோனால், மற்ற பாகங்களாவது வேகாமல் இருக்கட்டும் என்று எண்பது டிகிரிக்கு மேல் அவை எழும்படி வைத்திருந்தேன்.

முதல்முறை முழு வேலை கொடுத்து ஓட்டிய அன்று முன்னறையில் சுவர்க் கடிகாரம் கேட்டது. பின்னறையில் அப்பா பேப்பரைத் திருப்புவது கேட்டது. டம்ளரைத் தரையில் வைப்பது, தொண்டையைச் செருமுவது, முட்டியைத் தேய்த்துக்கொண்டு அம்மாடி என்பது, எல்லாமே கேட்டன. நான் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போனேன்.

“இன்னாடா?”

“ஏதோ சத்தம் கேட்டுச்சு.”

“குசு உட்டேன். டைம் எழுதி வெச்சுக்கோ.”

சிரித்துக்கொண்டே திரும்பி வருவேன். இரண்டு நிமிடம் கழித்து வேறு ஏதாவது கேட்கும். வீணா ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஸ்வல்ப சும்மா உடு அவரை. ஆஸ்பத்திரி நர்ஸுகூட இத்தனை வாட்டி வராது.” பிப்ரவரி தொடக்கத்தில் ஒருநாள், காலை நேரம், உள்ளேயிருந்து மூச்சு உடைவது மாதிரி ஒரு சத்தம். ஓடினேன். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“அழறீங்களாப்பா?”

“சளிடா. போ, போயி வேலையப் பாரு.”

கோளாறு ஆரம்பித்தது அதற்கடுத்த வாரம்.

தண்ணீர்ச் சுற்றில் சூடு ஏறினால் சந்தேகப்பட வேண்டியவை அதிகமில்லை. தண்ணீர் குறைந்திருக்கலாம். தொட்டியில் மார்க்கரால் கோடு போட்டிருந்தேன், நீர்மட்டம் கோட்டிலேயே நின்றது. காற்று புகுந்து எங்காவது ஏர் லாக் ஆகி அடைத்திருக்கலாம். பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, குழாய்களைத் தட்டிப் பார்த்தும் ஒரு குமிழி வரவில்லை. செம்புப் பட்டையின் பள்ளங்களில் அழுக்கு அடைத்திருக்கலாம். ஒரு சனிக்கிழமை மாலை மொத்தத்தையும் வடித்து, பட்டையைப் பிரித்தேன். புதுக்காசு மாதிரி இருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நேரத்தில் எல்லா வீட்டிலும் மோட்டார் போடுவார்கள், வோல்டேஜ் இறங்கும். ஆனால் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள், கோளாறு தினமும். தவிர, பம்புக்கு நேரடி மின்சாரம் போவதில்லை, சப்ளைப் பெட்டி சீராக்கித் தருகிற பன்னிரண்டு வோல்ட்தான் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை வேலை குறைவு என்பதால் சூடாகவில்லை என்று நினைத்து, ஒரு ஞாயிறு வேண்டுமென்றே முழு வேலை கொடுத்து முன்னால் உட்கார்ந்தேன். பதினொன்று, பதினொன்றேகால், பதினொன்றரை. ஐம்பத்திரண்டு டிகிரி. வீணா காபி கொண்டுவந்து வைத்தாள். “நான் இருந்தா உன் மிஷினுக்குக்கூட பயம்” என்றாள்.

அலெக்சாண்டருக்கு போன் செய்தேன்.

“தினமும் பதினொண்ணுக்கு வருதா?”

“ஆமா.”

“இருபத்தஞ்சு நிமிஷத்துல போயிருதா?”

“ஆமா அலெக்ஸ்.”

“அது ஃபால்ட் இல்லணா. டீ பிரேக்.” பிறகு கொஞ்சம் யோசித்து, “வேணும்னா வேற பம்பு எடுத்துனு போங்க, போட்டுப் பாருங்க. ஆனா என் பம்பு அப்படிப்பட்டது இல்ல” என்றான். போட்டுப் பார்த்தேன். அதே பதினொன்று.

அது அம்மா விழுந்த நேரம் என்பதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்து, ஒதுக்கி வைத்தேன். இயந்திரத்துக்கு நாள் நட்சத்திரம் தெரியாது. ஆனால் விசிறிகள் எழுந்ததும் முதல் வேலையாகப் பின்னறைக்கு ஓடுவேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். “இன்னா சத்தம்டா இது, கதவைச் சாத்து” என்பார். சாத்திவிட்டு வருவேன். ஐந்து நிமிடத்துக்கொரு முறை கதவை விரல் அகலம் திறந்து பார்ப்பேன். முதுகு தெரியும். கோளாறை நடக்கும்போதுதான் பிடிக்க முடியும் என்பதால் வேலையை நிறுத்தாமல் விட்டேன். சில்லு தொண்ணூறில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தது.

கடைசியில், நொடிக்கு நொடி எல்லா எண்களையும் பதிவு செய்யும்படி ஒரு சின்ன நிரல் எழுதி, இரண்டு நாள் ஓடவிட்டு, புதன்கிழமை மாலை உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் ஓட்டத்தைக் காட்ட குழாயில் ஒரு குட்டிச் சக்கரம் வைத்திருந்தேன். பதினொன்றுக்கு அதன் சுற்று விழுந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பம்பின் சுற்று விழவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது. அதைத்தான் நான் இத்தனை நாள் பார்க்கத் தவறியிருந்தேன்.

பம்பு பழுதானால் அதன் சுற்று குறையும். சுற்று கூடுகிறது என்றால் அதற்கு வேலை குறைந்துவிட்டது என்று அர்த்தம். எதிரே வழி மூடிக்கொண்டதும் தண்ணீர் நகர்வதில்லை. நகராத தண்ணீருக்குள் பம்பின் இறக்கைகள் சும்மா சுழல்கின்றன, சுமை இல்லாததால் இன்னும் சற்று வேகமாக. அழுக்கு அடைத்தால் வரைபடத்தில் கோடு கோணலாக, நடுங்கி நடுங்கி விழும். இது வழவழவென்று இறங்கியிருந்தது. திரும்ப ஏறும்போது இரண்டு படியாக ஏறியிருந்தது. பாதி வரை, ஒரு கணம் நின்று, பிறகு மீதி. இரண்டு நாளும் அப்படியே.

அப்படித் திறக்கிற கை ஒன்றை எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பத்து ஐம்பதுக்கு, வேலையை ஓடவிட்டு, செருப்புப் போடாமல் முன்கதவு வழியாக வெளியே போய்ச் சந்துக்குள் நுழைந்தேன். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் நின்றால் பின்னறை ஜன்னல் முகத்துக்கு நேரே வரும். பாதித் திரை போட்டிருந்தது. மீதிப் பாதியில் கட்டிலின் தலைமாடு தெரிந்தது. ஒரு கையால் ரேடியேட்டருக்குள் நுழையும் குழாயைப் பிடித்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அப்பா கட்டிலைப் பிடித்து எழுந்தார். கம்பை எடுக்கவில்லை. வால்வின் கைப்பிடியைப் பிடித்து, முன்னறைப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, மெல்லக் குறுக்கே திருப்பினார். முழுக்க மூடவில்லை. ஒரு நூல் அளவு வழி விட்டிருந்தார். முழுக்க மூடினால் என் இயந்திரம் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார், தெருவுக்குத் தண்ணீர் போய்ச் சேரக் காத்திருப்பவர் மாதிரி. என் கையில் இருந்த குழாய் ஆறத் தொடங்கியது. உள்ளே விசிறிகள் எழுந்தன. அன்று நான் ஓடி வராததால், கம்பால் எட்டிக் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

“உப்புமாவுல உப்பு இல்ல இன்னிக்கி,” என்றார் சுவரைப் பார்த்து. அம்மாவிடம் சாதாரணமாகப் பேசுகிற அதே குரல். “வீணாகிட்ட சொல்லல. அது அஞ்சு மணிக்கு எழுந்து செஞ்சி வெச்சிட்டுப் பஸ் புடிக்குது, பாவம்.”

ரேடியேட்டரிலிருந்து வந்த காற்று இப்போது குளிர்ந்திருந்தது.

“மூணு வாட்டி கூப்ட்ட. கிரண், கிரண்ணு. அவனுக்குத்தான் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு தனம். முழிச்சினுதான் இருந்தேன். சோப்புக்கோ துண்டுக்கோ கூப்புடற, புள்ள எழுந்து குடுப்பான்னு… முட்டி வலின்னு படுத்துனு இருந்துட்டேன்.”

துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். அடைத்தும் நிற்காத ஒரு சத்தம் வந்தது. முன்னறையில் இருந்திருந்தால், விசிறிகள் இல்லாமல் இருந்திருந்தால், அது எனக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். அதற்காகத்தானே நான் கட்டினேன்.

நான் குழாயை விடவில்லை. ஏழு மாதமாக நான் எண்ணிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று, அம்மா கூப்பிட்டாளா, கூப்பிடவே இல்லையா என்று. கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது என்ற டாக்டரின் வாக்கியத்தை வைத்துத்தான் பல நாள் தூங்கினேன். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் யாரைக் காப்பாற்ற மறைத்தார், தன்னையா என்னையா என்று யோசித்தேன். ஜன்னல் வழியாக அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கோபம்கூட வந்தது. அவர் எழுந்திருந்தால் என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம், அவள் அப்பாவைக் கூப்பிடவில்லை, என் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டாள் என்பது வந்து நின்றது. சந்தில் ஒரு பூனை வந்து, நான் வழியை அடைத்து நிற்பதைப் பார்த்து, திரும்பிப் போனது.

வெகுநேரம் கழித்து அப்பா முகத்தைத் துடைத்தார். எழுந்தார். கைப்பிடியைப் பாதி திருப்பி, ஒரு கணம் நிறுத்தி, மீதியைத் திருப்பினார். குழாய்க்கு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டார். என் உள்ளங்கையில் குழாய் மறுபடி சூடேறியது.

அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த பிறகுதான் நான் சந்தைவிட்டு வெளியே வந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அப்பாவே கேட்டார்.

“சரியாச்சாடா உன் மிஷினு?”

“கண்டுபுடிச்சிட்டேன்பா.”

சோற்றைப் பிசைந்த கை நின்றது. “இன்னா அது?”

“ஏர் லாக்.”

“ஏர் லாக்கா.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அது ஒரேடியாப் போவாது. வந்து வந்து போவும்.”

“தெரியும்பா. போக வேணாம். மிஷினுக்கு ஒண்ணும் ஆகாத மாதிரி பண்ணிடறேன்.”

ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை பத்து ஐம்பத்தைந்துக்கு, அவர் கேட்காமலே, பின்னறைக் கதவை நானாகச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். பதினொன்றுக்கு ஆறு விசிறிகளும் எழுந்தன. அதே இரைச்சல், ஜூலை மாதத்து இரைச்சல். கதவுக்கு அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. அவர் விழுந்தாலும் கேட்காது. எழுந்து போக வேண்டும் என்று கால்கள் இரண்டு முறை எழுந்தன, நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். திரையில் ஐம்பத்திரண்டு டிகிரி. குழாயில் குட்டிச் சக்கரம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பதினொன்று ஐந்து, பதினொன்று பத்து, அது ஒருமுறைகூடத் தயங்கவில்லை. வால்வை யாரும் தொடவில்லை.

நான் செய்தது இதுதான். ஆறு விசிறிகளையும் வெப்ப எண்ணோடு மட்டும் விடாமல் கடிகாரத்தோடும் கட்டிவிட்டேன். திங்கள் முதல் சனி வரை காலை பதினொன்றுக்கு முழு வேகத்தில் எழும், பதினொன்றரைக்கு நிற்கும். ஐந்து நிமிடம் கூடுதலாகவே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிடையாது.